பதினைந்து நாட்களுக்குள் மறு ஆய்வு

1

கடல் எவருக்கும் சொந்தமானதல்ல. அது ஆதியும் அந்தமும் அற்றது. மனிதனின் சட்டங்கள் அதன் கரையோடு மண்டியிட்டு நின்றுவிடுகின்றன.

முதல் வரி இப்படித்தான் கம்பீரமாக அமைந்தது. ஒரு முறை உரக்கப் படித்தும் பார்த்தேன். பிறகு விசாரித்ததில், கடலுக்கும் எண் போட்டு, கட்டம் பிரித்து, உரிமம் கொடுத்து, அதைச் சரிபார்க்க ஓர் ஆய்வாளரையும் நியமித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. கடலுக்கு அந்தம் உண்டு. அது ஒரு கோப்பின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது.

கதை கிடைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மருத்துவமனையின் காத்திருப்பு அறை. எனக்கு டோக்கன் முப்பத்திரண்டு. பக்கத்தில் இருந்தவருக்கு முப்பத்தொன்று. கடல் மீன் பண்ணைகளை ஆய்வு செய்யும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். "சர்வீஸ்ல ஒரே ஒரு தப்பு பண்ணினேன்" என்று, கேட்காமலேயே ஆரம்பித்தார். பிறத்தியார் தப்பு என்றால் எழுதுகிறவனுக்குக் காது தானாக நீளும். கதை உச்சத்துக்கு வந்த நேரத்தில் உள்ளேயிருந்து "முப்பத்தொண்ணு!" என்று கூப்பிட்டார்கள். போனார். அந்த மருத்துவமனைக்கு இன்னொரு வாசல் இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆகவே இந்தக் கதைக்கு முடிவு கிடையாது. முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

2

ஆய்வாளர் இடியென மிதவைமேல் இறங்கி —

(வேண்டாம். அவர் எங்கேயும் இடியென இறங்கியதில்லை.)

விதிப்படி அது 'திடீர் ஆய்வாக' இருக்க வேண்டும். ஆனால் துறைக்குப் படகு கிடையாது. எனவே முந்தின நாளே பண்ணைக்குப் போன் போட்டு, "நாளைக்குத் திடீர் ஆய்வு, பத்து மணிக்குப் படகு அனுப்புங்க" என்பார். படகு வரும். பண்ணை திடுக்கிட்டு நிற்கும்.

எட்டுக் கூண்டுகள். இரும்பு வளையங்களில் தொங்கும் வலைகள். நடுவே ஒரு மிதவை. அதன்மேல் தகரக் கூரை போட்ட அறை. அதில் ஒரே ஓர் ஆள். மீன்களுக்குத் தீவனம் போடுவதும், செத்ததை அள்ளிப் பதிவேட்டில் எழுதுவதும் அவன் வேலை. நாற்பது தாண்டியவன். முன்பு லாரி ஓட்டியதால் 'டிரைவர்' என்று பேர். மிதவை நாலு பக்கமும் நங்கூரத்தில் கட்டியது. ஓட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

முதல் ஆய்வு. ஆய்வாளர் தண்ணீரில் ஆக்சிஜன் அளந்தார். இருபது மீன்களை அள்ளிச் செவுளைத் தூக்கிப் பார்த்தார், ஒட்டுண்ணி இல்லை. தீவன மூட்டைகளின் தேதி சரி. படிவத்தில் நாற்பத்தோரு கட்டங்கள். உயிர்காப்பு வளையத்தில் மட்டும் கயிறு இல்லை.

"கயிறு எங்கப்பா?"

"போன வாரம்கூட இருந்துச்சு சார். கடல்ல எது எங்க போகுதுன்னு யாருக்குத் தெரியும்?"

"எழுதிடுவேன்."

"எழுதினா மறுபடி வருவீங்களா?"

"பதினஞ்சு நாளைக்குள்ள வரணும். ரூல்."

"அப்ப தாராளமா எழுதுங்க! டீ போட்டிருக்கேன், குடிச்சிக்கிட்டே எழுதுங்க சார்."

3

இங்கே ஆய்வாளர்மேல் எனக்கே ஒரு சந்தேகம். லஞ்சம் வாங்காத அதிகாரி என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். வாங்குகிறவர் என்றால் தெரிந்த கதைதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். உண்மையில் அவர் ஒன்றே ஒன்றுதான் வாங்கினார்: பேச்சு.

அவர் குடியிருப்பில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்றில் அவருடைய சட்டை உட்காரும். மனைவி போய் ஆறு வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போன் செய்து "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள், "ஆச்சும்மா" என்பார், அந்த வாரத்துப் பேச்சு அத்தோடு தீர்ந்தது. அலுவலகத்தில் 'ஐயா' என்று ஆரம்பித்துக் கையெழுத்து வாங்கியதும் முடித்துக்கொள்வார்கள்.

டிரைவரோ மாதம் முழுக்க மீன்களோடு பேசுகிறவன். பதில் சொல்லும் பிராணி ஒன்று கையில் கிடைத்தால் விடுவானா? லாரி, மாமனார், பஞ்சரான டயர், மறுபடி மாமனார்.

"என் மாமனார் இருக்காரே சார், கல்யாணத்தன்னிக்குப் பாத்துட்டுத் தரேன்னு என் லைசென்ஸ வாங்கினாரு. இன்னும் பாத்துக்கிட்டே இருக்காரு."

ஆய்வாளர் சிரித்தார். சிரித்துவிட்டு, யார் சிரித்தது என்பதுபோலச் சுற்றிலும் பார்த்தார்.

(இரண்டாவது ஆய்வில் கயிறு இருந்தது. பதிவேட்டில் ஒரு நாள் கையெழுத்து விட்டுப்போயிருந்தது. அங்கேயே போடச் சொல்லியிருக்கலாம். பேனா அவர் பையிலேயே இருந்தது. 'குறை' என்று எழுதினார். அவர் சொன்ன அந்த ஒரே தப்பு இதுதான்.)

4

மூன்றாவது ஆய்வு. தொடர்ந்து மூன்று ஆய்வுகளில் குறை இருந்தால் உரிமம் ரத்து என்கிறது விதி. கூண்டுகளைக் கரைக்கு இழுத்துவிடுவார்கள். டிரைவருக்கு வேலை போய்விடும். இது ஆய்வாளருக்குத் தெரியும், டிரைவருக்குத் தெரியாது. குறை இல்லையென்றாலோ அடுத்த ஆய்வு ஒரு வருடம் கழித்து. ஆய்வாளர் ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்தான்.

எல்லாவற்றுக்கும் 'சரி' போட்டுவிட்டுப் போவது என்று தீர்மானித்தே வந்திருந்தார். ஒன்பது கூண்டுகளையும் சுற்றி முடித்து, நாற்பதாவது கட்டத்துக்கு வந்தபோது டிரைவர் அவர் முழங்கையைப் பிடித்தான்.

"சார், அஞ்சாம் கூண்ட நீங்க சரியாவே பாக்கல."

"பாத்தேன்."

"எங்க பாத்தீங்க? இங்க பாருங்க."

வலையை மேலே இழுத்தான். ஒரு முழத்துக்குக் கிழிசல். முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் ரிப்போர்ட்டைக் காட்டுவதுபோலக் காட்டினான்.

ஆய்வாளர் குனிந்தார். கிழிசல் நேர்க்கோட்டில் இருந்தது. சுறா இவ்வளவு ஒழுங்காகக் கடிக்காது.

"இதுல இருந்த மீனெல்லாம்?"

"ஒண்ணும் போகல சார். ஆறாம் கூண்டுக்கு மாத்திட்டேன்."

"எப்போ?"

"முந்தாநேத்து."

"வலை எப்போ கிழிஞ்சுது?"

"நேத்து."

சொன்ன பிறகுதான் அது டிரைவர் காதிலேயே விழுந்தது. இருவரும் கடலைப் பார்த்தார்கள். பார்ப்பதற்கு வேறு எதுவும் அங்கே இல்லை.

"அப்ப அந்தக் கயிறு?"

"கட்டிலுக்கு அடியிலதான் இருந்துச்சு."

"கையெழுத்து?"

"அது மட்டும் சத்தியமா மறதி சார்."

"ஏம்ப்பா இப்படி?"

"எல்லாம் ஒழுங்கா இருந்தா நீங்க வரமாட்டீங்களே."

ஆய்வாளர் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டார். "இது மூணாவது தடவ. எழுதினா பண்ணைய மூடிடுவாங்க. உன் வேல போயிடும்."

"ஐயோ, அப்ப எழுதாதீங்க!"

"எழுதலன்னா நான் வரமுடியாது."

டிரைவர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினான்.

"டீ ஆறுது சார்" என்றான்.

5

இந்த இடத்தில்தான் முப்பத்தொன்றைக் கூப்பிட்டார்கள். இனி என் கைச்சரக்கு.

அ. ஆய்வாளர் நேர்மையாக எழுதுகிறார், பண்ணை மூடப்படுகிறது. சட்டத்துக்குப் பிடித்த முடிவு. ஆனால் சட்டம் கதை படிப்பதில்லை.

ஆ. இருவரும் உட்கார்ந்து வலையைத் தைக்கிறார்கள். டிரைவர் ஊசியை ஓட்ட, ஆய்வாளர் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறார். அரை மணி நேர வேலையை மூன்று மணி நேரம் செய்கிறார்கள். பிறகு 'குறை ஏதுமில்லை'. படகு கரைக்குத் திரும்புகிறது. (இதை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. எனக்குத் தொண்டை அடைத்த இடங்களில் வாசகர்கள் கொட்டாவி விட்ட வரலாறு உண்டு.)

இ. ஒரு விடுமுறை நாளில் ஆய்வாளர் போன் போட்டு, "படகு அனுப்புப்பா, சும்மா பாத்துட்டுப் போகலாம்னு" என்கிறார். நியாயமான முடிவு இதுதான். ஆனால் இது இருவருக்கும் தோன்றவே இல்லை. படிவம் இல்லாமலும் ஒரு மனிதனைப் போய்ப் பார்க்கலாம் என்று, முப்பது வருட சர்வீஸில் அவருக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை.

படிவத்தின் கடைசிக் கட்டத்துக்குப் பெயர் 'பிற'. அதில் அவர் எப்போதும் ஒரு கோடு இழுத்துவிடுவார். இந்த முறை அது காலியாக —

6

மீதியை நீங்களே எழுதி அனுப்புங்கள். என் முகவரி பதிப்பாளரிடம் இருக்கிறது.

இன்னொரு விஷயம். இரண்டாம் பகுதியில் கூண்டுகள் எட்டு. நான்காம் பகுதியில் ஒன்பது. கவனக்குறைவு இல்லை. யாராவது தப்பைச் சுட்டிக்காட்டி ஒரு கடிதம் போடட்டும் என்று விட்டுவைத்தேன். போன கதையிலும் ஒருவரைச் செருப்போடு வீட்டுக்குள் அனுப்பி, ஷூவோடு வெளியே வரவைத்திருந்தேன்.

அது வெளியாகி இரண்டு வருடம் ஆகிறது. யாரும் எழுதவில்லை.