பாயைச் சுற்றி

தையல் மெஷினை நகர்த்தினால்தான் சவப்பெட்டியை முன்னறையில் வைக்க முடியும் என்றார்கள். மெக்கானிக் அதன் ஒரு பக்கத்தைத் தானே பிடித்தார். "நீங்க விடுங்க" என்று யாரோ சொல்லியும் அவர் விடவில்லை. மெஷினின் கால்களுக்கு அடியில் கொடுத்திருந்த மரக்கட்டைகள் நழுவித் தரையில் விழுந்தன. மனைவி ரொம்பக் குனியாமல் தைக்கட்டும் என்று போன வருஷம் அவரே அளவெடுத்து அறுத்தவை. பொறுக்கி ஜன்னலோரம் அடுக்கினார். அழுகை வரவில்லை. எப்போது வரும் என்று எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது.

பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள் மனைவியின் அக்கா. வீட்டில் எல்லாருக்குமே அவள் பெரியக்கா. வருகிறவர்களுக்கெல்லாம் அவள்தான் விவரம் சொன்னாள். நேற்றுக் காலையில் நன்றாகத்தான் இருந்தாளாம். முதுகுவலிக்கு வந்துபோகிற அந்தப் பிசியோதெரபிப் பெண் கற்றுக்கொடுத்த பயிற்சிக்குப் பாயை விரித்தாளாம். அங்கேயே போய்விட்டாளாம். பேசாமல் படுத்துக் கிடந்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள் என்று ஒவ்வொரு தடவையும் முடித்தாள். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். இதயம் நின்றுவிட்டது, முதுகுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மெக்கானிக் மறுத்துப் பேசியிருக்கலாம். பேசினால் இன்னொன்றையும் சொல்ல வேண்டிவரும். அதனால் வாயை மூடிக்கொண்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்.

பேசாமல் படுத்துக் கிடப்பது அவர் கண்டுபிடித்த வைத்தியம்தான். முதுகுவலி வந்த புதிதில் ஸ்கேன் எடுத்தார்கள். பெரிதாக ஒன்றுமில்லை என்று வந்தது. பைக் ரிப்பேர் பார்க்கிற மனுஷனுக்கு இது பிடிபடவே இல்லை. சத்தம் வந்தால் ஏதோ ஒரு பாகம் தேய்ந்திருக்க வேண்டும். மாற்றலாம். மாற்ற முடியாவிட்டால் வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைக்கலாம். அவளையும் அப்படித்தான் நிறுத்தி வைத்தார். சமையல், துணி, தண்ணீர் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். மெஷினைப் பின்னறைக்குத் தள்ளினார். வருஷக்கணக்கில் தாங்கு தாங்கென்று தாங்கினார். வலி குறையவில்லை. கட்டிலை விட்டு இறங்கினால் எதுவோ முறிந்துவிடும் என்ற பயம் இரண்டு பேருக்கும் கூடியதுதான் மிச்சம்.

பிசியோ பெண் வந்தபோது முதலில் அவரிடம்தான் பேசினாள். வண்டியில் மாட்டின அலாரம் சில சமயம் பூனை உரசினால்கூடக் கத்துமே, கவனித்திருக்கிறீர்களா என்றாள். திருடன் வரவில்லை, ஆனால் சத்தம் பொய்யில்லை. உங்கள் மனைவியின் வலியும் பொய்யில்லை, அதற்காக உள்ளே எதுவும் உடைந்துகொண்டிருக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அசைந்துதான் உடம்புக்கு அதைப் புரியவைக்க வேண்டும் என்றாள். மனைவி அவளுக்குச் சித்திரவதை என்று பேர் வைத்தாள். "சித்திரவதை வர்ற நேரமாச்சு" என்று தலையை வாரிக்கொண்டு காத்திருப்பாள். முதலில் கட்டிலில் உட்கார்ந்தபடியே கொஞ்சம். அப்புறம் வாசல்வரை, அப்புறம் தெருமுனைவரை. ஒருநாள் மெஷின் முன்னறைக்குத் திரும்பி வந்தது. வலி போய்விட்டதா என்று அவர் கேட்டார்.

"வலி பாட்டுக்கு இருக்கட்டும். நான் பாட்டுக்குத் தைக்கிறேன்" என்றாள்.

அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லிக்கொள்ளத் தெரியவில்லை.

பகல் ஏறியதும் அந்தப் பிசியோ பெண் வந்தாள். வேலை உடுப்போடு, பையைத் தோளிலிருந்து இறக்காமல் வந்திருந்தாள். ஒரு செருப்பைக் கழற்றியவள், பெரியக்கா பார்த்த பார்வையில் அப்படியே வாசலில் நின்றுவிட்டாள்.

"இவ எதுக்கு இங்க வந்தா?" என்றாள் பெரியக்கா. எல்லாருக்கும் கேட்டது.

அந்தப் பெண் கழற்றின செருப்பைத் திரும்ப மாட்டப் போனாள். மெக்கானிக் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார்.

"அக்கா, பயிற்சியெல்லாம் அவ முடிச்சுட்டா" என்றார். "கடைசில மல்லாந்து படுத்துக் கண்ண மூடிக்கணும். அந்த நேரத்துல கூப்பிடக் கூடாது. அப்படித்தான் படுத்திருக்கான்னு நெனச்சேன். பாயச் சுத்திச் சுத்திப் போயிட்டு வந்தேன். டீ போட்டேன், துணி காயப்போட்டேன். ரேடியோவக்கூடக் குறைச்சு வச்சேன்."

யாரோ வேறு வீட்டு விஷயத்தைச் சொல்வதுபோலத்தான் அவருக்கே இருந்தது.

"டீ ஆறிப்போச்சேன்னுதான் கடைசில கூப்பிட்டேன். எப்பப் போனான்னு எனக்குத் தெரியாது. பக்கத்துல இருந்தது நான்தான். இந்தப் பொண்ணு இல்ல."

பெரியக்கா அவரை ஏதாவது கேட்பாள் என்று நின்றார். ஏன் தொட்டுப் பார்க்கவில்லை என்று கேட்பாள். ஆனால் அவள் தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வண்டி வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கினார்கள். மெக்கானிக் கால்மாட்டில் பிடித்தார். கனமே தெரியவில்லை. வண்டிக்குள் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது பெரியக்கா இன்னும் தரையில்தான் இருந்தாள். காலையிலிருந்து உட்கார்ந்தவளுக்கு முழங்கால் மடங்கினபடியே இறுகிப்போயிருந்தது. இரண்டு பேர் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கப் போனார்கள்.

"இழுக்காதீங்க" என்றாள் பிசியோ பெண், வாசலிலிருந்தே.

பையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். பெரியக்காவுக்கு எதிரே ஒரு காலை மடக்கிக் குந்தினாள்.

"என் தோளப் பிடிச்சுக்கங்க. மூச்ச அடக்காதீங்க."

பெரியக்கா அந்தத் தோளைப் பார்த்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குது" என்றாள்.

"வலிக்கும்மா. மெதுவா எழுந்திரிங்க. ஒண்ணும் ஆகாது."

டிரைவர் வண்டியின் கதவைச் சாத்தக் கையை வைத்தான். மெக்கானிக் அவனை இருக்கச் சொன்னார். பெண்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு படியிறங்கி வரும்வரை கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார்.