இலைக்கு அடியில்

ஆறு வருஷமாகக் கோமளா ஒரே பாடத்தைத்தான் படித்திருந்தாள்: காலை எட்டு மணி, ராத்திரி எட்டு மணி, மாத்திரை தவறக் கூடாது. தவறினால், கணவர் பங்காருவுக்கு அவள் கொடுத்த சிறுநீரகத்தை அவர் உடம்பே அந்நியம் என்று தள்ளிவிடும். கல்யாண வீடோ எழவு வீடோ, எட்டு அடித்தால் கைப்பையைத் திறந்துவிடுவாள். அன்னூரில் அவளுக்கு ‘எட்டு மணி கோமளா’ என்றே பெயர்.

இரண்டாம் அலையில் பங்காருவுக்குக் கொரோனா வந்து, கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள். மறுநாள் டாக்டர் போனில் கூப்பிட்டார். எதிர்ப்புச் சக்தியை அமுக்கும் மாத்திரைகளில் ஒன்றைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தியிருக்கிறோம், அமுக்கியே வைத்திருந்தால் உடம்பு எதைக் கொண்டு கிருமியோடு மல்லுக்கட்டும் என்று பொறுமையாகத்தான் விளக்கினார். அவளுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. நேற்றுவரை தலைதூக்கவே கூடாத சக்தி இன்றைக்குத் தூக்க வேண்டுமாம்! அதுவும் போக, ஊரில் ‘மருந்தை நிறுத்திட்டாங்க’ என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அடுத்தது சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுவது. கையை விரித்துவிட்டார்கள் என்றே அவள் முடிவுகட்டினாள்.

வார்டுக்குள் யாரையும் விடுவதில்லை. கேட்டிலேயே சாப்பாட்டை வாங்கிக்கொள்வார்கள். கோமளா வீட்டில் இருந்த அந்த மாத்திரை அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, கேரியரில் இட்லிக்கு விரித்த வாழையிலைக்கு அடியில் வைத்து, வேளைக்கு ஒன்றாக அனுப்பினாள்.

“ஏனுங்க, இலைக்கு அடியில பாத்தீங்களா?” என்று போனில் கேட்பாள்.

“பாத்தேன் அம்மணி,” என்பார் அவர், இருமலுக்கு நடுவே.

அதே கேட்டில் மெர்சியும் நிற்பாள். காரமடைக்காரி. தம்பி பிரவின்குமாருக்குச் சிறுநீரகம் கொடுத்தவள். செக்கப் வரிசையில் பழக்கம். பிரவினுக்கும் அதே வார்டு, அதே மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். டாக்டருக்குத் தெரியாததா என்று மெர்சி விட்டுவிட்டாள். இலை சமாச்சாரத்தை அவளிடம் சொல்லிவிடலாமா என்று கோமளாவுக்கு வாய்வரை வரும். வெளியே தெரிந்தால் வம்பு என்று விழுங்கிவிடுவாள். ஏழாம் நாள் பிரவின் போய்விட்டான். பதினோராம் நாள் பங்காரு நடந்தே வெளியே வந்தார்.

அன்றிலிருந்து கோமளாவுக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானோ? டாக்டர் சொன்னதுதான் சரி என்றால் இவர் எப்படிப் பிழைத்தார்? எந்தப் பக்கம் யோசித்தாலும் இடித்தது. கேட்கவும் ஆளில்லை.

மூன்று மாதம் கழித்து அவரைச் செக்கப்புக்கு அழைத்துப் போனாள். கொடுத்தவர்களுக்கும் வருஷம் ஒருமுறை பரிசோதனை உண்டு. அதற்கு மெர்சி வந்திருந்தாள். ஆள் பாதியாகிப் போயிருந்தாள். வந்து கோமளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, உங்க ஊட்டுக்காரருக்கும் அந்த மாத்திரைய நிறுத்துனாங்களா? நான் கேக்காம உட்டதுதான் அவனைக் கொன்னுபோட்டுதோன்னு இருக்குதுங்க.”

கோமளா ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டியிருந்த ஏசு பக்கமும் பார்க்கவில்லை, பெருமாள் பக்கமும் பார்க்கவில்லை. கூசாமல் பொய் சொன்னாள்.

“நிறுத்துனாங்க கண்ணு. ஒண்ணுகூட முழுங்கலை.”

மெர்சி அவள் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள். பக்கத்து நாற்காலியில் இருந்த பங்காரு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரிப் பையைத் துழாவி, பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். திறந்தால் உள்ளே அத்தனை மாத்திரையும், வெட்டிய அட்டையோடு. ஒன்றுகூட உரிக்கவில்லை.

“டாக்டர் சொன்னாக் கேக்கோணுமல்ல? நீ குடுத்துவிட்டதை எறியவும் மனசு வரலை. பாத்தேன்னுதானே சொன்னேன், முழுங்குனேன்னா சொன்னேன்?”

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அவள் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. மெர்சி மேல் தப்பில்லை, இவள் மேலும் தப்பில்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“ஒரே வார்டு, ஒரே வைத்தியம். அப்புறம் அந்தப் பையன் மட்டும் ஏனுங்க போனான்?”

பங்காரு கூட்டை வாங்கி மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

எட்டு மணி அலாரம் அடித்தது. கோமளா மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டினாள். அவர் முழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டும்வரை அங்கிருந்து நகரவில்லை.