பாதி வெட்டிய மலை

1

இந்தக் கதையை நான் பேரம் பேசி வாங்கினேன். கெலிஓயாவில் மரக்காலை வைத்துப் பலகை அறுத்து விற்கும் பவாஸ், கண்டி கொழும்பு வீதியிலுள்ள எங்கள் புடவைக்கடையில் மனைவி றிஸானாவுக்குச் சேலை எடுத்தான். விலை குறைக்க மாட்டேன் என்றேன். நான் கதை எழுதுகிறவன் என்பது அவனுக்குத் தெரியும்.

“அப்ப ஒரு கத தாறன், கொற!”

வெள்ளைக்காரன் காலத்தில் கோப்பி நட மலைக்காட்டை வெட்டிய விதத்தைச் சொன்னான். அடிவாரத்திலிருந்து மேல்நோக்கி எல்லா மரங்களையும் பாதி வெட்டி, அப்படியே நிற்க விடுவார்களாம். கடைசியில் உச்சி வரிசையை மட்டும் முழுதாக வெட்ட, அது கீழ் வரிசைமேல் சாய, அது அடுத்ததன்மேல் சாய, மலையே மடமடவென்று இறங்குமாம்.

“விழுந்த மரமெல்லாம்?”

“எரிச்சுட்டானுகள் மச்சான்! ஒரு பலகையாவது அறுக்க வாணாமா?”

நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய நட்டத்துக்கு அவன் கண் கலங்கியது. விலையைக் குறைத்தேன். அவன் படியிறங்கியதும் துள்ளினேன். சேலையைவிடக் கதை பெறுமதி!

2

தொடக்கம் ஒன்று: ‘மடுல்கெல்லவுக்கு மேலே, கதிரவன் தன் பொற்கரங்களால்—’ வேண்டாம். ஜரிகை பளபளக்கும், ஒரு சலவைக்குத் தாங்காது.

தொடக்கம் இரண்டு: ‘அழகர் கோடரியோடு உச்சியில் நின்றான். கீழே அவனுடைய’

அந்த இரண்டாம் வாக்கியத்தைப் பாதி வெட்டி வேண்டுமென்றே நிற்க விட்டிருக்கிறேன். தொடாதீர்கள்.

(காட்டில் கோடரி பிடித்தவர்கள் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர்களாமே என்று கேட்பீர்கள். சரிதான். அழகரையும் கூட்டாளிகளையும் நான்தான் வம்புக்கென்று அங்கே ஏற்றிவிட்டேன்.)

3

மூடுபனி. காட்டைவிட்டு வெளியேறும்படி சங்கு ஊதியாகிவிட்டது. அழகரின் மனைவி பரிமளம் கப்பலிறங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சங்கு எதற்கென்று அவளுக்குத் தெரியாது. சோற்றுப்பானையோடு குறுக்குவழியில் ஏறுகிறாள், பாதி வெட்டிய மரங்களுக்கு நடுவே. அவள் வருவது மேலே எவனுக்கும் தெரியாது.

“ஓங்குங்கடா!” என்கிறான் கங்காணி கறுப்பையா.

இந்த இடத்தில் எனக்குக் கை ஓடவில்லை. றிஸானாவுக்கு நிறம் பிடிக்கவில்லையென்று சேலையை மாற்ற வந்த பவாஸிடம் வாசித்துக் காட்டினேன்.

“அவ மௌத்தாகணும். அப்பதான் கத நிக்கும்.”

“பாவம்டா.”

“சரி, கால் மட்டும் போகட்டும்.”

“முடியாது.”

“ஒரு விரல்?”

‘அரை விரல்’ என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடையில் வளர்ந்த வளர்ப்பு அப்படி! வெட்கத்தோடு பரிமளத்தைக் கதையிலிருந்தே நீக்கிப் பார்த்தேன். மலை சுகமாக விழுந்தது. எனக்கே கொட்டாவி வந்தது. திரும்பக் கூட்டிவந்து பனிக்குள் நிறுத்தினேன்.

4

அப்போதுதான் பில் மேசையிலிருந்து என் மனைவி சஞ்சீவனி கூப்பிட்டாள்: “என்னங்க!”

நான் திரும்பினேன். சேலைப் பக்கம் கதிரைகளில் அலுத்துப்போய் உட்கார்ந்திருந்த மூன்று புருஷன்மாரும் திரும்பினார்கள்.

“உங்கள இல்லீங்க, எங்க வீட்டு ஆள!”

“அச்சு அசலா எங்க வீட்டுச் சத்தம்மா,” என்றார் கலஹாவிலிருந்து வந்தவர். “பையத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சிட்டேன்!”

கடையே சிரித்தது. நான் பேனாவைத் தேடினேன். பரிமளம் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாளே! பனியில் வழி தவறினால் என்னவென்று கத்துவாள்?

5

கோடரிகள் ஓங்கிவிட்டன. பனிக்குள்ளிருந்து ஒரு குரல்: “என்னங்க!”

அழகரின் கோடரி நின்றது. பக்கத்தவனுடையதும் நின்றது. வரிசை முழுதும் நின்றது. யார் வீட்டுக் குரல் என்று எவனுக்கும் நிச்சயமில்லை. ‘வெட்டு’ என்று வாயெடுத்த கறுப்பையா விழுங்கிக்கொண்டான். அவன் பெண்டாட்டியும் கீழே லயத்துக் குடிசையில்தான். கோடரிகளை எறிந்துவிட்டு அத்தனை பேரும் பனிக்குள் இறங்கினார்கள்.

இதுவரை வாசித்ததும் பவாஸ் சேலையை மறந்து என் கையைப் பிடித்தான். “மச்சான், இப்ப காத்தடிச்சா?”

“பாதி வெட்டிய மரம். காத்தே போதும்.”

“அவ்வளவு ஆளும் உள்ளுக்கு! நிப்பாட்டுடா!”

ஒரு விரலாவது கேட்டவன்தான்.

நான் நிறுத்திவிட்டேன் வாசகரே, இதற்குமேல் எழுத மாட்டேன். இரண்டாம் பகுதியில் அந்தப் பாதி வாக்கியம் இன்னும் நிற்கிறது: ‘கீழே அவனுடைய’. மிச்சத்தை நீங்கள் முடியுங்கள். அதுவரை, தயவுசெய்து, இந்தப் பக்கத்தை மெதுவாகத் திருப்புங்கள். அதுவும் காற்றுத்தான்.