மாங்கொட்டைக் கரியின் துளைகள்

ஆய்வகத்தில் இருந்தவர்கள்: வேதிப்பொறியியல் பேராசிரியர் பொற்கொடி. அவரிடம் ஆராய்ச்சி செய்யும் மாதேஷ். ஓசூர் கம்பெனி ஒன்றின் மேனேஜர் ராஜேஷ்குமார். ஒரு குடுவை பழைய போண்டா எண்ணெய். எழுதுகிறவன் என்பதால் என்னையும் உள்ளே விட்டார்கள்.

1

கதை வந்த வழி இது. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்குப் பின்னால் மாங்கொட்டை குவிந்து கிடந்ததைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். அதற்கு ஒரு வேலை கொடுக்கத் தோன்றியது. பொற்கொடியைப் பிடித்தேன்.

முதல் வரி: 'துளை என்பது இல்லாமையின்...'

வேண்டாம். இப்படி எழுதுபவனோடு நான் டீ குடிக்க மாட்டேன்.

2

பொற்கொடி கொட்டையைச் சுட்டுக் கரியாக்கி, கழுவி, மறுபடி சுட்டார். கரி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். மெத்தனாலும் இந்தக் கரியும் சேர்த்துச் சூடாக்கினால் பழைய எண்ணெய் டீசலாகும். காரணம் துளைகளே என்று கட்டுரை எழுதினார், அச்சிலும் வந்துவிட்டது. அதை நம்பித்தான் ராஜேஷ்குமார் ஒப்பந்தத்தோடு வந்திருக்கிறார்.

(பொற்கொடிக்குக் கண்ணாடி மாட்டியிருந்தேன். பேராசிரியர் என்றால் கண்ணாடியா? கழற்றிவிட்டேன்.)

இன்று எண்ணெய் எண்ணெயாகவே இருந்தது.

"என்ன மேடம், இன்னும் ஒரு ஈடு போண்டா போடலாம் போலல்லா இருக்கு?" என்றார் ராஜேஷ்குமார். திருநெல்வேலிக்காரர். போன் வந்தது, வராண்டாவுக்குப் போனார்.

3

மாதேஷ் தண்ணீர்க் குழாயைப் பார்த்தபடி சொன்னான்.

"மேடம், கரியக் கழுவ டிஸ்டில்டு வாட்டர் இல்ல. கேட்டா திட்டுவீங்கன்னு போர் தண்ணியிலயே கழுவிட்டிருந்தேன்."

"எல்லாத் தடவையுமா?"

"ஆமாங்க மேடம். இன்னிக்குத்தான் கம்பெனிக்காரரு வராருன்னு டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கிச் சுத்தமா கழுவினேன்."

குழாயின் வாயில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. பொற்கொடி அதை நகத்தால் சுரண்டினார்.

"சுண்ணாம்பு. வேல செஞ்சது இதுடா. என் துளையெல்லாம் சும்மா உக்காந்திருந்திருக்கு."

4

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறார், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறார், ஒப்பந்தம் போகிறது. எழுதிப் பார்த்தேன், பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருந்தது.

முடிவு இரண்டு மாதேஷுடையது.

"நாளைக்கு வரச் சொல்லுங்க மேடம். போர் தண்ணியில கழுவி, திரும்பச் சுட்டு வெச்சிடறேன். அவருக்கு டீசல்தான வேணும்? துளையா கேட்டாரு?"

 இதற்குப் பொற்கொடியின் வாயில் ஒரு பதில் வைக்கலாம் என்று...

அதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

"நான் போனதும் உள்ளாற பூட்டிக்கோ."

"ஏன் மேடம்?"

"இல்லன்னா சொல்லாமப் பாதியில திரும்பி வந்துருவேன். தட்டினாலும் திறக்காத."

வராண்டாவில் என்ன பேசினார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் மாதேஷோடு உள்ளே மாட்டிக்கொண்டேன். பொற்கொடி வெளியே போனார். மாதேஷ் கதவைச் சாத்திப் பூட்டினான்.