எருதுக்குப் பின்னால் வால்ட்டர்

குச்சி நுனிப் பஞ்சைத் தேநீரில் முக்கி அப்பாவின் உதட்டில் ஒற்றினாள் ஹெஸ்டர். தண்ணீரில்தான் நனைக்கச் சொல்லியிருந்தாள் நர்ஸ் டோரீன். ஆனால் லெனர்ட் கிராட்விக் தம் எண்பத்தாறு வயதில் வெறும் தண்ணீரைத் தாகத்துக்குக் குடித்ததாகச் சரித்திரம் இல்லை.

கோப்பையில் ஒரு பருந்து சிறகை விரித்திருந்தது. கிராட்விக் வம்சச் சின்னம், அப்பாவே வரைந்தது. ஒரு கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கு ஆறு கோப்பை கொடுத்தார். ஹெஸ்டரின் தம்பி கைல்ஸ் அதைத் தன் பிளம்பிங் வேனிலேயே வரைந்துகொண்டான். சசெக்ஸில் சாக்கடை அடைப்பு எடுக்க வரும் ஒரே பிரபு அவன்தான்.

எல்லாம் ஒரு தோல் பத்திரத்தால் வந்தது. எழுநூறு வருஷத்துக்கு முன் ஹ்யூ என்ற நிலப்பிரபு ஆற்றோரப் புல்வெளி ஒன்றை எழுதிக்கொடுத்த பத்திரம். மேலே ஹ்யூ பெயர் இருந்தது, கீழே வால்ட்டர் கிராட்விக் பெயர் இருந்தது, நடுவில் இரண்டு வரியை ஈரம் தின்றிருந்தது. அந்த இரண்டு வரியை அப்பா தன் ஆசையால் நிரப்பிக்கொண்டார்: வால்ட்டர் ஹ்யூவின் மகன், புல்வெளி அவனுக்கு. அங்கிருந்து ஹெஸ்டர் வரைக்கும் இருபத்திரண்டு தலைமுறையை, நாற்பது வருஷம் உட்கார்ந்து, ஒவ்வொரு பத்திரமாகத் தேடிக் கோத்தார். மகளின் பிறந்தநாள் எந்தப் பத்திரத்திலும் இல்லாததால் அது மட்டும் மறந்துபோகும்.

அந்த இரண்டு வரி இன்று காலைத் தபாலில் வந்திருந்தது. ஆவணக் காப்பகத்தில் ஏதோ புது விளக்கொளியில் எடுத்த படம், கூடவே அதன் வாசகம். அடுப்படியில் நின்றபடியே படித்தவள் அதை ஸ்வெட்டர் பைக்குள் செருகிக்கொண்டாள். அப்போதிலிருந்து அந்தப் பக்கத் தோள் கனத்தது.

"தபால் வந்துச்சா?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

"வந்துச்சுப்பா."

"வால்ட்டர் யாரு மகன்?"

ஐம்பத்து நாலு வயதில் ஒரு பொய்க்குக் கூச்சப்படக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"ஹ்யூ மகன்தான். நீங்க சொன்னதே சரி."

 அப்பா கண்ணைத் திறந்து, ஜன்னலோரம் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தார்.

"அப்புறம் ஏன் அவன் இல்லேன்னு தலையாட்டறான்?"

"யாருப்பா?"

"காலையிலேர்ந்து உக்காந்திருக்கான். காலெல்லாம் சேறு. டோரீன் பார்த்தா திட்டுவா."

ஹெஸ்டர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே ஈரமண் வாசனை வந்தது. மழை பெய்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

காகிதத்தை எடுத்துப் பிரித்தாள்.

"ஆத்தோரப் புல்வெளி, ரெண்டு எருது, வால்ட்டர் கிராட்விக், அவனோட பிள்ளைகுட்டி மொத்தமும். இனிமே எல்லாம் மடத்துக்குச் சொந்தம்னு ஹ்யூ எழுதிக் குடுத்திருக்கான்பா."

"பிள்ளைகுட்டின்னா..."

"நாமதான்."



"நம்ம பேரு எருதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி."

அப்பாவின் மார்பு குலுங்கியது. சிரிப்பா இருமலா, அவளால் பிரிக்க முடியவில்லை. கைல்ஸிடம் சொல்லாதே, வேனுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க அவனிடம் வசதி கிடையாது என்றார். பிறகு நாற்காலியைப் பார்த்தார்.

"இப்ப தலையாட்டல," என்றார்.

அதற்கப்புறம் அவர் எதையும் கேட்கவில்லை. மூன்று மணிக்கு டோரீன் வந்து, கழுத்தில் விரல் வைத்துப் பார்த்து, ஜன்னலை அகலத் திறந்துவிட்டாள். போன உயிர் வெளியேற இந்தப் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள்.

உடலை எடுத்துப்போக இரண்டு பேர் வந்தார்கள். ஸ்ட்ரெச்சரைத் திருப்ப இடம் போதவில்லை. வழியை மறித்த நாற்காலியைத் தூக்கப் போனாள் டோரீன்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் ஹெஸ்டர்.

டோரீன் கையை எடுத்துக்கொண்டாள். நாளெல்லாம் உழுதுவிட்டு உட்கார்ந்த ஒருவன் எழுந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றுவிட்டு, ஹெஸ்டர் தானே போய் நாற்காலியை நகர்த்தினாள்.