பெட்டியம்மன் இருந்த ஊர்

மலையடிவாரத்துப் பழைய ஊர் ஒன்றுவிடாமல் பார்க்கணும், பொழுது சாயப் போடிக்குத் திரும்பணும் என்று சோலைமலை ஜீப்புக்காரனிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான். எழுபத்தெட்டாம் வருஷம், தை மாசம். பெண்டாட்டி பொன்னுமணிக்கு வயிற்றில் ஐந்து மாசம். முன்னே பிறந்த இரண்டும் தொட்டிலில் போட்ட சூட்டோடு போய்விட்டன. குலசாமியை மறந்த வீடு, தேடிக் கும்பிடாவிட்டால் இதுவும் தங்காது என்று குறிசொல்லி அடித்துச் சொல்லியிருந்தாள்.

அவன் தாத்தா ராக்கையா கூடப்பிறந்தவர்களோடு சண்டை போட்டு எந்த ஊரைவிட்டு வந்தாரோ, மலையடிவாரம் என்பதற்குமேல் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. பொன்னுமணியைப் பெண் கேட்டுப் போனபோது, உங்கள் குலசாமி எது என்று கேட்டதற்குச் சோலைமலையின் அப்பா முழித்தார். தெரியாது என்றால் மானம் போகுமே! பக்கத்துத் தெரு கருப்பசாமியைச் சொல்லி ஒப்பேற்றிவிட்டார். மனுஷன் இப்போது உயிரோடும் இல்லை.

குரங்கணியில் கையை விரித்தார்கள். அடுத்த ஊரில் பாதி வீட்டுக்குக் கூரையே இல்லை. பழைய கல்மண்டபத்தில் ஏலக்காய் மூட்டை அடுக்கியிருந்தது. மூன்றாவது ஊர்ப் பூசாரி மொக்கச்சாமி, ராக்கையா பெயரைக் கேட்டதும் சோலைமலையைக் கட்டிக்கொண்டான்.

“நம்ம பயதானா நீ! வாப்பு, வெரசா வா.”

பொன்னுமணிக்குக் கண்ணீர் முட்டியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடாத குறையாக நடந்தாள். கோயிலுக்குள் சிலை இல்லை. மஞ்சள் துணி சுற்றிய பெட்டிதான் இருந்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“நம்ம பெட்டியம்மன். ஒந்தாத்தாவோட அண்ணன் வகையறா இங்கருந்து பிடிமண் கொண்டுபோயி பொட்டிபுரத்துல கோயில் கட்டியிருக்காக. போயி ஒம் பங்காளிகளப் பாரு.”

பொட்டிபுரம் பொன்னுமணி பிறந்த ஊர். அந்தக் கோயிலில்தான் அவளுக்கு முடியிறக்கிக் காது குத்தினார்கள். ஒரே குலசாமி என்றால் பங்காளி வீடு. அவனும் அவளும் அண்ணன் தங்கச்சி முறை. பாவி மனுஷன் மாமனார், அன்றைக்கே தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா!

சோலைமலை முகம் செத்துப்போயிருந்தது.

“பொண்ணு எந்த ஊருப்பு?”

அவன் வாய் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டாள். “கம்பம்.”

“நல்லாருங்க. மாசமா இருக்கா போல. ஒங்கையால துந்நூறு பூசிவிடு, பிள்ள தங்கும்.” பூசாரி அள்ளிக் கொடுத்தான்.

பொன்னுமணி நெற்றியைக் காட்டி நின்றாள். வேறென்ன செய்வாள்? சோலைமலை பெட்டியைப் பார்த்தான், அவள் வயிற்றைப் பார்த்தான்.

“கைய நீட்டு,” என்றான்.

நீட்டினாள். விரல் படாமல், உயரத்திலிருந்து உதிர்த்தான்.