காப்பேயின் விதவை

...ப்ளேஸோ என்று மட்டும் சொன்னால் போதும், மரியோன் ப்ளேஸோ, அது பொய்யில்லையே, அப்பன் பேர், ஞானஸ்நானத்தில் எழுதிய பேர், இருபத்திரண்டு வயதுவரை அந்தப் பேரில்தானே இருந்தாள்... ஆனால் புருஷன் பேரைக் கேட்டால்? கேட்காமல் விடுவார்களா? மேசைக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் இருப்பவன் எழுதுகிறான், அவளுக்கு முன்னால் இன்னும் ஒன்பது பேர். புரட்சிக்கு உண்மையானவள் என்ற நற்சான்றுச் சீட்டு கிடைக்காவிட்டால் சந்தேகப் பட்டியல், பட்டியலில் ஏறினால் சிறை, சிறைக்குப் பிறகு... அதை நினைக்கக் கூடாது. இரண்டு வீடு தள்ளியிருந்த கையுறைக்காரனைப் போன வாரம் கூட்டிப்போனார்கள், பெயர்ப்பலகையில் அரச சின்னமான அல்லிப்பூவை அழிக்க மறந்தானாம், ஒரு பூவுக்கே அப்படியென்றால் அவள் சுமப்பது அரசனின் பேரையல்லவா? அரசன் பேரா அது? அவள் புருஷன் எத்தியென், சென் ஆற்றங்கரையில் விறகு இறக்கியவன், செத்து நாலு வருஷம், அப்போது காப்பே என்ற அந்தப் பேரைக் கேட்டு ஒருவரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. பிறகு அரசனை இறக்கியவர்கள் அதைத் திடீரென்று எங்கிருந்தோ தோண்டி எடுத்து அவனுக்குச் சூட்டினார்கள், லூயி காப்பே, லூயி காப்பே என்று தெருவெல்லாம் கூவினார்கள், ஜனவரியில் அவன் தலை விழுந்தது. மறுநாள் ஆற்றில் கட்டியிருக்கும் துவைக்கும் படகில், கூடத் துவைக்கிற ஜாகோத் சாவகாசமாகக் கேட்டாள், “உங்க கொழுந்தனாருக்குத் தலைவலி தீந்துருச்சாமே அக்கா?” எல்லோரும் சிரித்தார்கள். மரியோனும் சிரித்தாள், சிரிக்காவிட்டால் தப்பாகிவிடுமே.

இப்போது அதைவிட மோசம். வெளியே செய்தி கூவுகிறவன் போய்க்கொண்டிருந்தான், காப்பேயின் விதவைக்கு விசாரணை, காப்பேயின் விதவைக்கு விசாரணை... அது அரசியைத்தான், தெரியும், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவள் தலை திரும்பியது, நாலு வருஷமாக ரொட்டிக்காரன் முதல் எல்லோரும் அவளைக் கூப்பிடுவது அப்படித்தானே. பின்னால் நின்றவர், பழைய புத்தகங்களுக்கு அட்டை கட்டும் வத்தினேல் என்று தன்னை ஏற்கெனவே சொல்லிக்கொண்டவர், அவள் தோளுக்கு மேல் குனிந்தார். “அது அவங்க பேரே இல்ல, தெரியுமாம்மா? ராஜாவுக்கு ஏது குடும்பப் பேரு?” இந்த மனுஷன் ராஜா என்கிறாரே, இங்கே, இந்த வரிசையில், யார் காதில் விழுமோ... அவரோ நிறுத்துவதாக இல்லை. முதல் அரச வம்சத்துக்கு மெரோவே என்று ஒரு பாட்டன் பேராம், அவனைப் பற்றி ஒருவருக்கும் உருப்படியாகத் தெரியாதாம், அதனால் மெரோவிஞ்சியர், அடுத்தது சார்லஸ் என்ற அரசனின் பேரால் கரோலிஞ்சியர், எல்லாம் வாரிசுகளை வகை பிரிக்க வேண்டியிருந்த மடத்துக்காரர்களும் புத்தகக்காரர்களும் பேனாவால் ஒட்டியவையாம். மூன்றாவது வம்சத்துக்கு மட்டும் ஆள் பேர்கூட இல்லை, பட்டப்பேர். “எண்ணூறு வருஷம் முன்னாடி ஒருத்தன் போட்டிருந்த மேலங்கி. காப்பா. அதுலேருந்து காப்பே. அவ்ளோதான். அங்கிக்காரன்.” ஒரு அங்கியா? ஒரு அங்கிக்காகவா இவ்வளவு பயம்? அப்படியென்றால் எத்தியெனின் முப்பாட்டன் எவனோ அங்கி தைத்தானோ, குளிரில் ஒன்றைத் திருடினானோ... அரசன் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டானா, அவர்கள் அரசனிடமிருந்தா? யாரும் யாரிடமிருந்தும் எடுக்கவில்லையோ என்னவோ. முன்னால் நாலே பேர். ப்ளேஸோ, ப்ளேஸோ, ப்ளேஸோ.

“பேரு?” சொன்னாள். “தொழில்?” சலவை. “கல்யாணம்?” விதவை என்றாள், அங்கேயே வாயை மூடியிருக்கலாம். எழுதுகிறவன் நிமிராமல், “யாரோட விதவை?” என்று கேட்டான். ஏதாவது ஒரு பேரைச் சொல்லேன், எதையாவது சொல்லேன்... நாக்கு அவளைக் கேட்காமல் காப்பே என்று சொல்லிவிட்டது. வலது பக்கம் இருந்தவன் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தான். இடது பக்கத்தவன் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான், சோப்பில் வெந்து சிவந்த கைகளைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தான். பின்னால் வத்தினேல் மூச்சுகூட விடவில்லை, இப்போது மட்டும் வாய் அடைத்துவிட்டதாக்கும். எழுதுகிறவனோ மையைத் தொட்டுக்கொண்டு, வெங்காய விலை கேட்பவன்போலக் கேட்டான்: “ஒரு ‘ப’வா, ரெண்டு ‘ப’வா?”

“ரெண்டு,” என்றாள் மரியோன்.

“அப்ப அது வேற, அவனுக்கு ஒண்ணுதான்,” என்றான் அவன், வலது பக்கத்தவனைப் பார்த்து. குழாய் வாய்க்குத் திரும்பியது. முத்திரை விழுந்தது.

தெருவுக்கு வந்ததும் சுவரில் சாய்ந்தாள். கையில் சீட்டு, மை இன்னும் காயவில்லை, எதில் ஒரு ‘ப’, எதில் இரண்டு, அவளுக்கு எப்படித் தெரியும், அவள் எந்தக் காலத்தில் படித்தாள்... எத்தியென் எழுதக் கற்றது ஒரே ஒரு சொல், தன் குடும்பப் பேர், பழுக்கக் காய்ச்சிய ஆணியால் அவளுடைய சோப்புப் பெட்டி மூடியில் அதைச் சுட்டுவைத்தான், பதினோரு வருஷமாகத் தினமும் கண்ணில் படுகிறது. கண்ணை மூடி எழுத்துகளை எண்ணிப் பார்த்தாள். முதலாவது வளைவு நினைவுக்கு வந்தது, அதற்கப்புறம் ஈரம், நுரை. வீட்டுக்குப் போய்ச் சீட்டையும் மூடியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்த்து, மூடியில் ‘ப’ ஒன்று குறைந்தால்? யாருடைய விதவையாக அவள் தப்பித்து வந்திருக்கிறாள்? உள்ளே இருந்து முத்திரை விழும் ஓசை கேட்டது, அடுத்தவருக்கு. அவள் இன்னும் சுவரை விட்டு நகரவில்லை.